எல்லாத் திரைகளிலும் எக்ஸ்பாக்ஸ் கேம்கள்: அடுத்த தலைமுறைக் கன்சோலுக்கு என்ன வேலை?

அடுத்த தலைமுறை எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான சிப்களை ஏஎம்டி நிறுவனத்துடன் இணைந்து உருவாக்குவதாக மைக்ரோசாஃப்ட் 2025 ஜூனில் அறிவித்தது. கன்சோல் தயாரிப்பை அந்நிறுவனம் கைவிடக்கூடும் என்ற ஊகத்துக்கு இது பதிலாக அமைந்தது. ஆனால், அந்தக் கன்சோலை மக்கள் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி அப்படியே நீடிக்கிறது.

2005-இல் வெளியான எக்ஸ்பாக்ஸ் 360, 8 கோடிக்கும் மேல் விற்பனையாகி, சோனியின் பிளேஸ்டேஷன் 3-க்கு ஈடுகொடுத்தது. 2013-இல் நிலைமை மாறியது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலருக்கும், பிளேஸ்டேஷன் 4 அதைவிட 100 டாலர் குறைவாகவும் விற்பனைக்கு வந்தன. பிளேஸ்டேஷன் 4 விற்பனை 11 கோடியைத் தாண்டியது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் கன்சோல் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்தியது.

அந்தக் காலகட்டத்தில்தான் கேம்களைப் பதிவிறக்கி வாங்கும் வழக்கம் பரவியது. ஒரு நிறுவனத்தின் கணக்கில் வாங்கிய கேம்களை மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. எனவே, அப்போது சோனியிடம் சென்றவர்களில் பலர் 2020-இல் புதிய கன்சோல்கள் வந்தபோதும் திரும்பவில்லை.

இதற்கிடையே, 2023-இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. இவ்வளவு பெரிய முதலீட்டை எக்ஸ்பாக்ஸ் பயனர்களை மட்டும் நம்பி மீட்பது கடினம். 2024 முதல் சீ ஆஃப் தீவ்ஸ், ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஆகியவை பிளேஸ்டேஷனுக்குச் சென்றன. எக்ஸ்பாக்ஸின் அடையாளமான ஹேலோவும் அங்கு வரும் என 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கேம் விற்பனைக்கு இது லாபம். கன்சோல் விற்பனைக்கு இழப்பு.

அடுத்த சிக்கல் விலை. கன்சோலை நஷ்டத்தில் விற்று, கேம் விற்பனையில் கிடைக்கும் கமிஷனால் அதை ஈடுகட்டுவது இத்துறையின் வழக்கம். ஒவ்வொரு கன்சோலுக்கும் 100 முதல் 200 டாலர் வரை தாங்குவதாக எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் 2022-இல் தெரிவித்தார். எதிர்கால எக்ஸ்பாக்ஸ் ஒரே கடையுடன் கட்டுண்டிருக்காது என நிறுவனம் தற்போது கூறுகிறது. பிற கடைகளுக்கு இடமளித்தால் கமிஷன் குறையும். நஷ்டத்தைத் தாங்கும் காரணமும் மறையும். அமெரிக்காவில் 2020-இல் 499 டாலராக இருந்த சீரிஸ் எக்ஸ், 2025-இல் இருமுறை விலை உயர்ந்து 650 டாலரை எட்டிவிட்டது.

வீழ்ச்சியிலிருந்து மீள முடியாது என்பதில்லை. நின்டெண்டோவின் வீ யூ 1.4 கோடியைக்கூட எட்டவில்லை. அடுத்து வந்த ஸ்விட்ச் 15 கோடியைக் கடந்தது. ஆனால், மரியோவின் முக்கிய கேம்களை விளையாட நின்டெண்டோ கன்சோல்தான் தேவை. அந்த ஆயுதத்தை மைக்ரோசாஃப்ட் தானே கீழே வைத்துவிட்டது.

அதன் கையில் எஞ்சியிருப்பது, பயனர்கள் ஏற்கெனவே வாங்கிய கேம்கள் புதிய கன்சோலிலும் இயங்கும் என்ற வாக்குறுதி. பல ஆண்டுகளாகப் பணம் செலுத்திச் சேர்த்த கேம்களுக்கு அதுவே பாதுகாப்பு. அந்த வாக்குறுதியை எட்டக்கூடிய விலையில் நிறைவேற்றுவதைப் பொறுத்தே எக்ஸ்பாக்ஸ் கன்சோலின் எதிர்காலம் அமையும்.