பம்பாய்க்குத் தின்னப் போகும் கனவான்களுக்கு!

மும்பைக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கே தின்னலாம், எதைத் தின்னலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இப்போது மலிந்துவிட்டார்கள். காலையில் இரானிக் கடையில் ரொட்டியும் வெண்ணெயும் டீயும்; பத்து மணிக்கு மாதுங்காவில் இட்லி; மத்தியானம் மால்வண் மீன் குழம்பு; சாயங்காலம் தாதரில் வடா பாவ்; இரவில் லோயர் பரேலில் பழைய மில் காம்பவுண்டுக்குள் மேல்மாடி விருந்து. இப்படி ஒரு ஜாபிதா. நாக்குக்கு ருசி தேடுகிறவனுக்கு இந்த நகரம் சொர்க்கமாம்!

ருசியோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. வயிறு காய்ந்தவனுக்குச் சோற்றின் அருமை தெரிந்த அளவுக்கு வேறு எவனுக்கும் தெரியாது. ஆனால் இந்த ஜாபிதாவை எழுதுகிற கனவான்களிடம் ஒன்று கேட்கிறோம். இந்தப் பண்டங்கள் எல்லாம் வானத்திலிருந்தா விழுந்தன? யார் பசிக்காக இவை உண்டாயின? இன்று நீங்கள் மேஜை போட்டு உட்காரும் அந்த மில் காம்பவுண்டு நேற்று யாருடையது?

1854-ல் தார்தேவில் முதல் பஞ்சாலைக் கம்பெனி ஆரம்பமாயிற்று. அடுத்த சில பத்தாண்டுகளில் லால்பாக், பரேல், ஒர்லி, பைகுல்லா என்று ஒரு பகுதி முழுவதும் புகைபோக்கிகள் எழுந்தன. மராத்தியில் அந்தப் பகுதிக்கு ‘கிரண்காவ்’ என்று பெயர். ஆலைக் கிராமம் என்று அர்த்தம். ரத்னகிரியிலிருந்தும் சதாராவிலிருந்தும் கோலாப்பூரிலிருந்தும் வந்தவர்கள் அங்கே தறியிலும் ராட்டிலும் நின்றார்கள். அவர்கள் யார்? துண்டு நிலம் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாத விவசாயிகள். நிலமே இல்லாத கூலிகள். பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, ஒரு சால் வீட்டு அறையில் பத்துப் பதினைந்து பேராக ஒண்டினார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுத்தான். தஞ்சாவூர்ப் பண்ணையிலிருந்து கோவை மில்லுக்கு வந்தவருக்கு இந்தக் கதையை நாம் விளக்க வேண்டியதில்லை.

கானாவளிப் பெண்கள்

இத்தனை ஆண்களுக்கும் சோறு போட்டது யார்? ஓட்டல் முதலாளியா? இல்லை. அந்தச் சால்களிலேயே குடியிருந்த பெண்கள். ‘கானாவளி’ என்பது அதற்குப் பெயர். ஒரு பெண் தன் ஒற்றை அறையிலே, தன் குடும்பத்துக்கு உலை வைக்கும் அதே அடுப்பில், பதினைந்து இருபது தொழிலாளிகளுக்கும் சேர்த்துச் சமைப்பாள். பாக்ரி தட்டுவாள், முளைகட்டிய பயறில் உசல் வைப்பாள், கையில் காசு இருந்தால் மீன் குழம்பு. மாதம் பிறந்து சம்பளம் வந்த பிறகுதான் அவளுக்குப் பணம். அதுவரை மளிகைக் கடைக்காரனிடம் கடன். கடனுக்கு வட்டி. ஆக, மில் முதலாளி ஒரு மாதம் கழித்துக் கொடுக்கிற கூலிக்கு, அந்த ஒரு மாதம் வட்டி கட்டியது அந்த ஏழைப் பெண்! பம்பாய் மில் அதிபர்களின் கணக்குப் புத்தகம் எதிலும் இந்தச் செலவு ஏறியதில்லை.

வேலைநிறுத்தம் வந்தாலோ அவள் பாடு இன்னும் மோசம். கூலி நின்றாலும் தட்டு நிற்கவில்லை. கடனுக்குச் சோறு போட்டாள். போராட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தலைவர்களின் பேச்சைக் குறித்து வைக்கிறார்கள். இந்த அடுப்பைக் குறித்து வைத்தவர்கள் சொற்பம். கோவா விடுதலைப் போரில் நின்றவரும் கம்யூனிஸ்டுமான பிரேமா புராவ் 1975-ல் இந்தப் பெண்களைத் திரட்டி ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ என்ற அமைப்பைக் கண்டார். வட்டிக்கடைக்காரனுக்குப் பதிலாக, நாட்டுடைமையாகியிருந்த பாங்கிலிருந்து அவர்களுக்குக் கடன் வாங்கிக் கொடுக்கப் பாடுபட்டார். சொத்து இல்லாதவளுக்கு ஈடு ஏது என்று கேட்ட பாங்கு உலகத்துக்கு, அவளுடைய உழைப்பே ஈடு என்று காட்டினார்கள் அந்தப் பெண்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் புளுக மாட்டோம். ஒரு ஜாதிக்காரன் சாப்பிடும் கானாவளியில் இன்னொரு ஜாதிக்காரன் தட்டுப் போட முடியாது. மில்லுக்குள்ளேயே தண்ணீர்ப் பானை தனித்தனி. தறிப் பகுதியில் அறுந்த நூலை நாடாவில் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். எச்சில் படும் என்று சொல்லி, நல்ல கூலி கிடைத்த அந்தப் பகுதியில் தாழ்த்தப்பட்ட தொழிலாளிகளைச் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இதை நேருக்கு நேர் எழுப்பினார். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஒரே சங்கத்தில் நின்றவர்கள் ஒரே பந்தியில் உட்காராமல் இருந்தது பாட்டாளி வர்க்கத்தைப் பலவீனப்படுத்தியது. முதலாளிக்கு அது லாபம்.

‘மராத்திச் சோறு, மதராஸிச் சோறு’

வடா பாவ் கதைக்கு வருவோம். உருளைக்கிழங்கு போண்டாவைப் பிளந்த பாவ் ரொட்டிக்குள் வைத்து, காரப்பொடி தூவி, ஒரு கையில் பிடித்தபடி ரயிலுக்கு ஓடலாம். 1966-ல் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் இதை விற்கத் தொடங்கினார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஷிப்டுக்கு ஓடும் மில் தொழிலாளிக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை, காசும் இல்லை. அவனால் தழைத்தது அந்தப் பண்டம்.

அதே 1966-ல்தான் அந்த நகரத்தில் சிவசேனையும் பிறந்தது. உங்கள் வேலையைப் பறித்தவன் மில் முதலாளி அல்ல, தெற்கிலிருந்து வந்த ‘மதராஸி’ என்று மராத்தி வாலிபர்களுக்குப் போதித்தார்கள். உடுப்பி ஓட்டல்கள் மீது கல் விழுந்தது. அந்தக் கல் யார் தலையில் விழுந்தது? கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்த முதலாளி மீதா? தென் கன்னடத்திலிருந்து வந்து, பகலெல்லாம் மேஜை துடைத்து, ராத்திரி அந்த மேஜைகளுக்கு நடுவிலேயே படுத்துத் தூங்கி, இடையில் இரவுப் பள்ளிக்கூடத்தில் கன்னட எழுத்துப் படித்த பையன்கள் மீது! திருநெல்வேலியிலிருந்து போய்த் தாராவியின் தோல் ஷாப்புகளில் உழைத்த, இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் தெருத் தெருவாகப் போன நம் ஜனங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. பரேல் தொழிலாளிகளின் எம்.எல்.ஏ.வான கம்யூனிஸ்டுத் தோழர் கிருஷ்ண தேசாய் 1970 ஜூன் 5-ந் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார். அதையடுத்து வந்த இடைத்தேர்தலில் அவருடைய துணைவியாரைத் தோற்கடித்துத்தான் சிவசேனை சட்டசபைக்குள் முதல் காலை வைத்தது. சோற்றிலே ‘நம்மவன், அயலான்’ என்று பிரித்தவர்கள், பிறகு வடா பாவையே தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். அதற்குள்ளே இருக்கும் உருளைக்கிழங்கையும் பாவையும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவன் போர்த்துக்கீசியன் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்!

மில் போன வழி

1982 ஜனவரி 18-ந் தேதி வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. அறுபதுக்கு மேற்பட்ட மில்கள். சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள். கூலி உயர்வு கேட்டார்கள்; தங்கள் சங்கத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க விடாமல் தடுத்த 1946-ம் வருஷச் சட்டம் போக வேண்டும் என்றார்கள். டாக்டர் தத்தா சாமந்த் தலைமை தாங்கினார். அவருடைய போர்முறையைப் பற்றி எத்தனையோ விவாதம் உண்டு. அது இங்கே வேண்டாம். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் ஆகவே இல்லை. பல்லாயிரம் பேர் வேலை இழந்து ஊர் திரும்பினார்கள். கானாவளிகளில் தட்டுகள் கவிழ்ந்தன.

முதலாளிகளுக்கு அப்போது ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்தது. நூலை விற்பதைவிட நிலத்தை விற்பது லாபம்! நகரத்தின் நடுவிலே சுமார் 600 ஏக்கர் மில் நிலம். 1991-ம் வருஷ விதி என்ன சொன்னது? மில் நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்பினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜனங்களின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மிச்சம்தான் முதலாளிக்கு. 2001-ல் சர்க்கார் அந்த விதியைத் திருத்தியது. கட்டிடம் நிற்காத காலி நிலத்தில் மட்டும்தான் பங்கு என்றாயிற்று. மில் நிலத்தில் கட்டிடம் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? 2005-ல் உயர் நீதிமன்றம் ஜனங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியும், 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் முதலாளிகள் பக்கமே முடித்துவிட்டது.

அப்படித்தான் நண்பர்களே, நூற்பு ஷெட்டு மதுக்கடையாயிற்று. நெசவுக் கூடம் விருந்து மண்டபமாயிற்று. சில இடங்களில் பழைய புகைபோக்கியை இடிக்காமல் அழகுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்!

பதினோரு நாளில் இரண்டு தீ

2017 டிசம்பர் 18-ந் தேதி விடியற்காலை. சாக்கிநாக்கா, கைரானி ரோட்டில் ஒரு பலகாரக் கடை. மிக்ஸர், சேவு தயாரிக்கிற இடம். வேலையாட்கள் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள். தீ பிடித்தது. 12 தொழிலாளிகள் மாண்டார்கள்.

பதினோராம் நாள், டிசம்பர் 29, நள்ளிரவு தாண்டிய நேரம். லோயர் பரேல் கமலா மில் காம்பவுண்டு. மேல்மாடியில் மூங்கிலும் தார்ப்பாயும் போட்டு மறைத்த விருந்துக் கடைகள். ஹூக்காவின் நெருப்புப் பொறியிலிருந்து கிளம்பியது என்று தீயணைப்புப் படையின் விசாரணை சொல்லிற்று. வெளியே போக வழி தெரியாமல் கழிப்பறைக்குள் ஒதுங்கியவர்கள் புகை அடைத்து இறந்தார்கள். 14 உயிர்.

அந்த 14 பேருக்காக நாம் கண்ணீர் விடுகிறோம். பிறந்த நாள் கொண்டாடப் போனவர்கள் நமக்கு விரோதிகள் அல்ல, வாலிபப் பிள்ளைகள். ஆனால் கேட்கிறோம்: இரண்டாவது தீக்கு அலறிய பெரிய பத்திரிகைகள் முதல் தீக்கு ஏன் முனகியதோடு நிறுத்தின? கமலா மில் தீக்கு அடுத்தடுத்த நாட்களில் மாநகராட்சி நூற்றுக்கணக்கான ஓட்டல்களில் சட்டவிரோதக் கொட்டகைகளை இடித்துத் தள்ளியது. இரண்டு நாளில் இடிக்க முடிந்தவர்களுக்கு, அதற்கு முன்னால் அவை கண்ணில் படவே இல்லையா? 12 பலகாரத் தொழிலாளிகள் கருகிய அன்றே இந்தச் சோதனை ஆரம்பித்திருந்தால் அந்தப் 14 பேரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்களா? தொழிலாளியின் உயிரை மலிவாக மதித்த சர்க்கார், விருந்தாளியின் உயிரையும் காப்பாற்றவில்லை.

“இந்த ஓட்டல்களால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது தெரியுமா?” என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். வேலை கிடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. என்ன வேலை? மில் தொழிலாளிக்கு மஸ்டர் ரோல் இருந்தது, பிராவிடண்ட் பண்டு இருந்தது, இ.எஸ்.ஐ. இருந்தது, கேட்டில் கொடி ஏற்றச் சங்கம் இருந்தது. அவை போராடி வாங்கியவை. அதே இடத்தில் இன்று தட்டு ஏந்தி நிற்கும் அவனுடைய பேரனுக்கு இவற்றில் எத்தனை இருக்கிறது? ஓட்டல் தொழிலாளி நள்ளிரவில் வேலை முடிந்து எங்கே தூங்குகிறான்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு ‘வேலை கொடுத்தோம்’ என்று மார்தட்டட்டும்.

‘சர்வீஸ் சார்ஜ்’ என்று பில்லில் நூற்றுக்குப் பத்து ஏற்றுகிறார்களே, அது பரிமாறியவன் கைக்குப் போகிறதா என்று எந்த விருந்தாளிக்காவது தெரியுமா? கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஓட்டல் முதலாளிகளின் சங்கங்கள் கோர்ட்டுக்கு ஓடின. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனார்கள். தொழிலாளியின் கூலியைச் சாப்பிட வந்தவன் தலையில் கட்டுவதற்கு இவ்வளவு வக்கீல் செலவு! பரிமாறியவனுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவன் உள்ளங்கையில் கொடுங்கள்.

தெருக்கடைக்காரன் நிலையும் அதுதான். தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-ல் பார்லிமெண்டே சட்டம் செய்தது. வெளியூர்க்காரனுக்கு ‘எங்கள் தெருச் சாப்பாட்டை ருசிக்காமல் போகாதே’ என்று விளம்பரம். அதே தெருவில் வண்டியையும் அடுப்பையும் அள்ளிக்கொண்டு போக மாநகராட்சி லாரி.

இனி, மில்லில் உழைத்தவன் எங்கே? மில் நிலத்தில் தங்களுக்கு வீடு வேண்டும் என்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளும் வாரிசுகளும் மனுப் போட்டிருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோருக்கு இன்னும் கிடைக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். சர்க்கார் இப்போது கர்ஜத் ரயில் பாதையில் ஷேலு, வாங்கணி என்ற ஊர்களைக் காட்டுகிறது. பரேலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்! மேல்மாடி விருந்துக்கு நகரத்தின் நடுவில் இடம் இருக்கிறது. அந்த மாடியைத் தாங்கும் சுவருக்குள் முப்பது வருஷம் பஞ்சுத் தூசி தின்றவனுக்கு மட்டும் இடம் இல்லையாம்.

2025 ஜூலை 9-ந் தேதி அந்தக் கிழத் தொழிலாளிகள் ஆசாத் மைதானத்தில் திரண்டார்கள். வாங்கணி வேண்டாம், மும்பையிலேயே வீடு கொடு என்று கேட்டார்கள். மைதானத்துக்கு எதிரே ரயில் நிலையம். அங்கிருந்து லோயர் பரேல் மேல்மாடிக் கடைகளுக்கு அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. அடுத்த முறை மும்பைக்குத் தின்னப் போகும் கனவான்கள், ஜாபிதாவைக் கையில் எடுக்கும்போது, அந்த மைதானத்துக்கும் ஒரு நடை போய்வரட்டும்.