புதியவர்களுக்காக எதைக் குறைப்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் முதலில் இன்ஸ்டால் ஆவது பெரும்பாலும் கேம்ஸ்தான். அதில் தவறில்லை. வாள், மந்திரம், டிராகன் என்று வரும் கேம்களில் 'ஹிட் பாயிண்ட்', 'எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட்', 'லெவல்' போன்ற சொற்களைப் பார்த்திருப்பீர்கள். இவை பரவக் காரணமாக இருந்தது ஒரு கம்ப்யூட்டர் கேம் அல்ல. பேப்பர், பென்சில், பகடை வைத்துக்கொண்டு நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு விளையாட்டு!

அதன் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974ல் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "எதிரே பூட்டிய கதவு. என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். உடைக்கலாம், சாவி தேடலாம், கதவைத் தட்டி "யாராவது இருக்கிறீர்களா?" என்றும் கேட்கலாம். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் விதிகள் அவ்வளவுதான் அல்ல. 2014ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் மூன்று முக்கியப் புத்தகங்களும் ஒவ்வொன்றும் 300 பக்கங்களைத் தாண்டுபவை. இதை என் அக்கா மகனுக்கும் அவனுடைய மூன்று நண்பர்களுக்கும் ஒரு கோடை விடுமுறையில் சொல்லிக் கொடுக்க ஆசைப்பட்டேன். புதியவர்களுக்கான ஓர் எளிய பதிப்பை நானே தயாரிப்பது என்று முடிவு செய்தேன். சாப்ட்வேர் எழுதுபவனுக்கு இது பெரிய வேலையா என்ற நினைப்பு!

இரண்டு தோல்விகள்

முதல் முயற்சி 16 பக்கம். எல்லா விதிகளையும் சுருக்கி, அட்டவணை போட்டு, அழகாக பிரிண்ட் எடுத்தேன். முக்கால் மணி நேரம் விளக்கினேன். "மாமா, எப்ப விளையாட ஆரம்பிக்கப் போறோம்?" என்று கேட்டான் அக்கா மகன். அதற்குள் ஒருவன் டிவி பக்கம் போயிருந்தான்.

இரண்டாவது முயற்சியில் எதிர்த்திசைக்குப் போனேன். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று வழிகள். 1 என்றால் சண்டை, 2 என்றால் ஓட்டம், 3 என்றால் ஒளிந்து கொள்வது. எல்லோருக்கும் புரிந்தது. 20 நிமிடத்தில் முடிந்தும் போனது. மறுபடி விளையாடலாம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நால்வரில் ஒரு சிறுமி அதிகம் பேச மாட்டாள். அன்றும் அவள் பேசவே இல்லை. பேப்பரில் எண்ணைத் தொட்டுக் காட்டினாள், அவ்வளவுதான். பேசி ஆட வேண்டிய விளையாட்டில், பேசவே தேவையில்லாதபடி நான் செய்து வைத்திருந்தேன்.

முன்னோடிகள் செய்தது என்ன?

அதன் பிறகுதான், இதே பிரச்னையை மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் படித்தேன். 1974ல் வந்த முதல் பெட்டியில் இருந்தவை மூன்று சிறு புத்தகங்கள். ஏற்கெனவே போர் விளையாட்டுகள் ஆடிப் பழகியவர்களுக்குத்தான் அவை புரியும். 1977ல் எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர் புதியவர்களுக்காக 48 பக்கத்தில் ஒரு புத்தகத்தைத் தொகுத்தார். அவர் முதல் மூன்று லெவல்களோடு நிறுத்திக் கொண்டார். புதியவருக்கு இன்று தேவைப்படாததைப் பின்னால் தள்ளி வைத்தார்.

1981ல் டாம் மோல்ட்வே தயாரித்த பதிப்பு இன்னும் தெளிவானது. தனி விளையாட்டாகப் பார்த்தால் மிக நல்ல விளையாட்டு. ஆனால் அதில் 'எல்ஃப்' என்பது இனமும் தொழிலும் சேர்ந்த ஒரே தேர்வு. அதே நிறுவனத்தின் 'அட்வான்ஸ்டு' விளையாட்டிலோ இனம் வேறு, தொழில் வேறு. எளியதில் பழகியவர் பெரியதற்குப் போனால், கற்றதில் சிலவற்றை மறக்க வேண்டியிருந்தது.

1983ல் ஃபிராங்க் மென்ட்சர் தயாரித்த சிவப்புப் பெட்டி எனக்குப் பெரிய பாடம். அதில் விதிகள் முதலில் வருவதில்லை. நீங்கள் ஒரு வீரன், குகைக்குள் போகிறீர்கள் என்று கதைதான் தொடங்குகிறது. ஒரு விதி தேவைப்படும் இடத்தில் அந்த ஒரு விதியை மட்டும் சொல்கிறது. ஐந்தாம் பதிப்புக்காக 2014ல் இலவசமாகத் தந்த அடிப்படை விதிகளில் நான்கு இனங்கள், நான்கு தொழில்கள் மட்டுமே. ஆனால் விதிகள் பெரிய புத்தகத்தில் உள்ள அதே விதிகள். பிறகு எதையும் மறக்க வேண்டியதில்லை.

மூன்றாவது முயற்சி

என் கருத்து இதுதான். புதியவருக்காகத் தேர்வுகளைக் குறைக்கலாம், கணக்கைக் குறைக்கலாம். விதியை மாற்றக் கூடாது. "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லும் சுதந்திரத்தைத் தொடவே கூடாது. தயங்கும் குழந்தைக்கு இரண்டு யோசனைகள் சொல்லலாம். ஆனால் கடைசியில் "அல்லது உனக்குத் தோன்றும் வேறு எதுவும்" என்று சேர்க்க வேண்டும்.

மூன்றாவது பதிப்பு ஆளுக்கு ஒரே ஒரு பக்கம். நான்கு பாத்திரங்களையும் நானே தயாராக வைத்திருந்தேன். ஒரே விதி: 20 வரை உள்ள எண்ணில் ஒன்றை எடுத்து, உங்கள் திறமை எண்ணைக் கூட்டுங்கள். சுலபமான வேலைக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20 வர வேண்டும். 20 முகப் பகடை கிடைக்கவில்லை. காகிதத் துண்டுகளில் எண்களை எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். 1979 வாக்கில் அமெரிக்காவிலேயே பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இதே போல எண் அட்டைகளைத்தான் பெட்டியில் வைத்து விற்றார்கள்! எக்ஸெல் தெரிந்தவர்கள் ராண்ட்பிட்வீன் ஃபங்ஷனில் 1, 20 என்று கொடுத்துவிட்டு எப்9 கீயைத் தட்டினாலும் போதும்.

குகை வாசலில் ஒரு கோப்ளின் காவல் நின்றது. மூன்று பையன்களும் வாளை உருவினார்கள். அந்தச் சிறுமி மெதுவாக, "அங்கிள், சண்டை போடாம என்னோட ரொட்டியைக் கொடுக்கலாமா? அதுக்குப் பசிக்குமே" என்றாள். இதை நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் என்னிடம் விதி இருந்தது. நடுத்தரம், 15 வேண்டும் என்றேன். சீட்டில் 12 வந்தது. பேச்சுத் திறமை 3. மொத்தம் 15! அன்று கோப்ளினே அவர்களுக்கு வழி காட்டியது. அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டவள் அவள்தான்.

நீங்களும் முயன்று பார்க்கலாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய சுமார் 400 பக்க ஆங்கில ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் வெளியிடப்பட்டது. அதன் மூலத்தைக் குறிப்பிட்டு, உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கேற்ற பதிப்பைத் தமிழிலேயே தயாரிக்கலாம். வேர்டு புரோகிராமும் ஒரு பிரிண்டரும் போதும். முதல் பக்கத்தில் விதிகளை எழுதாதீர்கள். ஒரு காட்சியை எழுதுங்கள். அதன் கீழே "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, காத்திருங்கள்.

சாப்ட்வேர் எழுதும் எங்களுக்கும் இது பொருந்தும். நாளைக்கு மறக்க வேண்டியதைப் புதியவருக்கு இன்று கற்றுக் கொடுத்தால், அவருடைய உழைப்பை நாங்கள் வீணாக்குகிறோம். மெனுவில் பத்து ஐட்டங்களை மறைத்து வைக்கலாம். மீதியுள்ள இரண்டும் கடைசி வரை அதே வேலையைச் செய்ய வேண்டும்.