‘சர்க்கரை இல்லை’ என்னும் தொடரின் பொருள்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, உறவினர் வீட்டுத் திருமணத்தில் நடந்தது இது. பந்தி முடிந்து வெளியே வந்த என் தந்தையின் கையில் ஓர் இளைஞர் கறுப்பு நிற டின் ஒன்றைக் கொடுத்து, “குடிங்க மாமா, இதுல சர்க்கரை இல்ல” என்றார். தந்தை பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர். தமிழ் நாளிதழை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிப்பவர், ஆங்கிலம் அறியாதவர். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்: “சர்க்கரை இல்லன்னா, வேற என்னம்மா இருக்கு?”

மொழியியல் படித்தவள் என்ற முறையில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சர்க்கரையற்ற குளிர்பானத்தின் எழுபதாண்டு வரலாற்றைப் படித்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அது இனிப்பூட்டிகளின் வரலாறு மட்டுமன்று, பெயர்களின் வரலாறும் ஆகும். அப்பானம் ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும், தன்னில் இல்லாததை உரக்கச் சொல்லி, இருப்பதைச் சிற்றெழுத்துக்குள் தள்ளியிருக்கிறது.

அதன் தொடக்கம் மருத்துவமனையில்தான். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குளிர்பானத் தொழில் நடத்திய ஹைமன் கிர்ஷ் என்பவர், நாட்பட்ட நோயாளிகளுக்கான மருத்துவ இல்லம் ஒன்றின் நிருவாகத்திலும் பங்கு கொண்டிருந்தார். அங்கிருந்த நீரிழிவு நோயாளிகளும் இதய நோயாளிகளும் அருந்தத்தக்க பானம் வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். 1952இல் ‘நோ-கால்’ வெளிவந்தது. கலோரி இல்லை என்பது பெயரின் பொருள். சோடியம் ஆகாத நோயாளிகளையும் கருதி, கால்சியம் சைக்ளமேட் என்னும் இனிப்பூட்டியை அதில் பயன்படுத்தினர். எவருக்காக, எதனால், எதைச் சேர்த்து என்னும் மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பானத்திடம் தெளிவான விடை இருந்தது.

தமிழில் இதற்குச் சரியான சொல் உண்டு: பத்தியம். பத்தியம் என்றால் அதை விதித்தவர் ஒருவர் இருக்கிறார். காப்பவர் ஒருவர் இருக்கிறார். அதற்கு ஒரு நோயும் ஒரு காலவரையறையும் உண்டு. இவற்றுள் எதை எடுத்துவிட்டாலும் அது பத்தியமாகாது. நோ-கால் பத்தியப் பானமாகப் பிறந்தது. ஆனால் நோயாளிகளைவிட உடல் இளைக்க விரும்பியவர்களே அதை மிகுதியாக வாங்குவதை நிறுவனம் விரைவில் கண்டுகொண்டது. விளம்பரங்களில் நடிகை கிம் நோவாக் தோன்றினார்.

1958இல் ராயல் கிரவுன் நிறுவனத்தின் ‘டயட் ரைட்’ வந்தது. முதலில் பத்திய உணவுப் பொருளாக விற்கப்பட்ட அது, 1962இல் எல்லாருக்குமான பானமாயிற்று. ‘டயட்’ என்னும் சொல்லின் கிரேக்க மூலத்திற்கு வாழும் முறை என்று பொருள். மருத்துவ வழக்கில் அது நோயாளிக்கு விதிக்கப்படும் உணவு முறையைக் குறித்தது. புட்டியின் மேல் பெயரடையாக ஏறியபோது அச்சொல் மருத்துவரை இழந்தது, நோயாளியை இழந்தது, காலவரையறையையும் இழந்தது. எஞ்சியது நலம் தரும் என்னும் சாயல் மட்டுமே. மக்கள் வாயில் பல தலைமுறைகளாக நிகழும் பொருள் மாற்றத்தைப் படித்திருக்கிறோம். இங்கே அதை ஒரு விற்பனைத் துறை சில ஆண்டுகளில் நிகழ்த்தியது.

1963இல் கோக்கக் கோலா நிறுவனம் ‘டேப்’ என்னும் பானத்தை வெளியிட்டது. தன் முதன்மைப் பெயரைச் சர்க்கரையற்ற பானத்திற்குத் தர அந்நிறுவனம் அன்று விரும்பவில்லை. ஐபிஎம் 1401 கணினியைக் கொண்டு எழுத்துச் சேர்க்கைகளின் பெரும் பட்டியல் ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து பெயரைத் தேர்ந்தார்கள். உடல் எடையின்மீது கண் வைத்திருப்போருக்கான பானம் என்ற குறிப்புப் பொருளைப் பின்னர் அதற்கு ஏற்றினார்கள். சொல் முதலில், பொருள் பிறகு!

உள்ளே இருந்தவை யாவை? சைக்ளமேட்டும் சாக்கரினும். சாக்கரின் 1879இலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது; அதன் பின்கசப்பைச் சைக்ளமேட் மறைத்தது. எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியதாக வந்த ஆய்வையடுத்து 1969 அக்டோபரில் அமெரிக்க அரசு சைக்ளமேட்டுக்குத் தடை அறிவித்தது. பல நாடுகளில் அது இன்றும் ஏற்கப்பட்ட பொருள். அமெரிக்காவில் தடை நீடிக்கிறது. 1977இல் சாக்கரினையும் தடை செய்ய முன்மொழிந்தபோது, நீரிழிவு நோயாளிகள் உட்படப் பெருந்திரளானோர் எதிர்த்தனர். நாடாளுமன்றம் தடையை நிறுத்திவைத்து, எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. மனிதருக்கு அந்த ஆய்வு முடிவு பொருந்தாது என்று தெளிந்தபின், 2000இல் வாசகம் நீக்கப்பட்டது.

இந்தக் காலத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அறிவியல் ஐயுற்றது; எச்சரித்தது; தவறெனத் தெரிந்ததும் திருத்திக்கொண்டது. அந்த ஐயம் முழுவதும் வாங்குபவரின் மொழியில், அவர் கையிலிருந்த டின்னின் மேலேயே அச்சாகியிருந்தது. அவர் அதைப் படித்துக் குடிக்கலாம், படித்துவிட்டு வைத்துவிடலாம். முடிவு அவருடையதாக இருந்தது.

1982இல் ‘டயட் கோக்’ வந்தது. முதன்மைப் பெயர் இறுதியில் இறங்கி வந்தது. அடுத்த ஆண்டு குளிர்பானங்களில் அஸ்பார்டேமுக்கு ஒப்புதல் கிடைத்தது. வேறு பல நாடுகளில் அதே பானம் ‘லைட்’ எனப்பட்டது. ‘டயட்’ என்னும் சொல் பெண்களுக்குரியது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டதால், இளைஞர்களை ஈர்க்க 2005இல் ‘ஜீரோ’ பிறந்தது. டேப் 2020இல் நிறுத்தப்பட்டது. கலோரி இல்லாமை, பத்தியம், இலேசு, சுழியம் என்று பெயர் நகர்ந்துகொண்டே வந்து, இறுதியில் ஓர் எண்ணில் நின்றுவிட்டது. எண் பொய் சொல்லாது என்று நாம் நம்புகிறோம் அல்லவா!

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வதும், அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வதும் கேட்பவருக்குச் செய்யும் மரியாதை. ‘ஜீரோ’வும் மங்கலமாகவே ஒலிக்கிறது, ஆனால் அது மரியாதை செய்வது விற்பனைக்கு.

தமிழில் இச்சிக்கல் இன்னும் ஒரு படி ஆழமானது. நாம் நீரிழிவைச் ‘சர்க்கரை’ என்றே வழங்குகிறோம். ‘அவருக்குச் சர்க்கரை’ என்றால் போதும், நோய் புரிந்துவிடும். பொருளின் பெயர் நோய்க்கு ஆகிவந்தது. ஆகவே ‘சர்க்கரை இல்லை’ என்பது தமிழ்ச் செவியில் இரு பொருள்படும்: பானத்தில் சீனி இல்லை, நோய்க்கு இடமில்லை. திருமண வீட்டு இளைஞர் சொன்னது முதற்பொருள். நோயாளி கேட்க விரும்புவதோ இரண்டாவது பொருள்.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். இப்பானம் நஞ்சு என்று நான் கூறவில்லை. வழக்கமான கோலா 300 மில்லி லிட்டரில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். அதற்கு மாற்றாக இதைக் குடிப்பது நீரிழிவு உள்ளவருக்கு ஏற்றதாகவே இருக்கலாம். 2023இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமைப் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம்’ என்னும் பிரிவில் சேர்த்தது. அதே வேளையில், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லி கிராம் என்னும் ஏற்கத்தக்க அளவை மாற்றத் தேவையில்லை என்று வேறொரு வல்லுநர் குழு கூறியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்றும் குறிப்பிட்டது. இவ்வளவு நுட்பமான செய்தியை ‘ஜீரோ’ என்னும் ஒற்றைச் சொல் தாங்குமா?

இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நம் உணவுப் பாதுகாப்பு விதிகளோ சிட்டையில் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருந்தால் போதும் என்கின்றன. பிற மொழிகளைச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. அஸ்பார்டேம் எவருக்கு ஆகாது, இனிப்பூட்டி எது என்னும் செய்திகள் இவ்வாறு கோடிக்கணக்கானோருக்குப் படிக்க இயலாத எழுத்தில் நிற்கின்றன.

இத்தனை மொழிகளில் அச்சிட டின்னில் இடமேது என்று கேட்கலாம். எல்லா மொழிகளையும் ஒரே டின்னில் அச்சிடுமாறு நான் கோரவில்லை. விற்கப்படும் மாநிலத்தின் மொழி ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் தமிழிலும் ஆந்திரத்தில் தெலுங்கிலும் விளம்பரம் செய்ய இயன்றவர்களுக்கு இது இயலாத செயலன்று. ஆசை காட்டும்போது நம் மொழி தெரிகிறது. எச்சரிக்கும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

மொழியியல், பொதுநலவியல், சட்டம் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டைகளின் மொழியைத் தொகுப்போம். படிப்பவர் என்ன புரிந்துகொள்கிறார் என்று களத்தில் கேட்போம். மொழிக்கொள்கை என்றால் பாடநூலும் ஆட்சிமொழியும் மட்டுமல்ல.

அன்று தந்தைக்கு நான் பின்புறச் சிற்றெழுத்தைப் படித்து, தெரிந்த அளவு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதைத் தமிழ்லயே போட்டிருந்தா நானே படிச்சிருப்பேனே” என்றார். பிறகு டின்னை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.