காலடிக் கம்பளம்

பாயைத் தூக்கிப் பார்த்தால்தான் தரையின் யோக்கியதை தெரியும் என்பது குடித்தனம் செய்தவர்கள் அறிந்த உண்மை. பழைய மோட்டார் வண்டியின் விஷயமும் அப்படித்தான். மேலே பளபளவென்று வர்ணம் பூசி, உள்ளே புதுக் கம்பளமும் விரித்து விட்டால், வண்டிக்கு வாலிபம் திரும்பி விட்டதாக அதன் எஜமானர் மகிழ்ந்து போகிறார். கம்பளத்துக்கு அடியில் இருக்கும் இரும்புத் தகட்டின் அபிப்பிராயத்தை அவர் கேட்பதே இல்லை.

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் அதைக் கேட்காமல் இருப்பது மிகவும் தவறு. ஊரோ மலையின் மழை மறைவில் இருப்பது; வெயிலுக்குக் குறைவில்லை. அங்கிருந்து புறப்பட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டுக்குப் போய்விட்டால், பனிமூட்டமும் சாரலும் ஏலத்தோட்டத்தின் ஈரமும் நம்மைச் சூழ்ந்து கொள்கின்றன. ஒரே நாளில் இரண்டு சீமைகளின் சீதோஷ்ணத்தை வண்டி அனுபவிக்கிறது. மேலே குடித்த ஈரத்தைக் கம்பளத்தின் அடியிலுள்ள கம்பளித் துணி கீழே வந்த பிறகும் விடுவதில்லை. துரு அங்கே இரகசியமாகக் குடியேறி, தகட்டைத் தின்னத் தொடங்குகிறது.

"நம் ஊரில் பழைய விளையாட்டுக் கார் ஏது?" என்று நேயர்கள் கேட்கலாம். முற்றும் அந்நியமான சரக்கு என்று சொல்வதற்கில்லை. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் 'ஹெரால்டு' என்ற குடும்ப வண்டியைத் தயாரித்தார்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் டிரையம்ப் 'ஸ்பிட்பயர்' என்ற இரண்டு பேர் அமரும் விளையாட்டுக் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிச்செலாட்டி என்ற இத்தாலியர். ஆகையால், ஹெரால்டைப் பிரித்துப் பூட்டிய நம் மெக்கானிக்குக்கு ஸ்பிட்பயரின் வயிறு அந்நிய தேசமல்ல.

கம்பளம் மாற்றுவதற்கு டாஷ்போர்டில் ஏன் கை வைக்க வேண்டும்? இந்த வண்டிகளில் கியர் பெட்டிக்கு மேலுள்ள மூடி, வண்டிக்கு உள்ளேயே, இரண்டு ஆசனங்களுக்கும் முன்னால் திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கிறது. ஸ்பிட்பயரில் டாஷ்போர்டின் நடுவிலிருந்து இறங்கும் ஒரு தாங்கி அதன் மேல் காலூன்றி நிற்கிறது. தாங்கியைக் கழற்றினால்தான் மூடியை எடுக்கலாம். மூடியை எடுத்தால்தான் அடியில் உள்ளதைப் பார்க்கலாம். சோம்பல் படுகிறவர்கள் தாங்கியைச் சுற்றிக் கம்பளத்தைக் கத்தரித்துச் செருகி விடுகிறார்கள். பின்னால் தலை தூக்குவது அந்தக் கத்தரித்த ஓரந்தான்.

பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பாட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் நேர் முனையே வண்டியின் உடலோடு சேர்க்கப்பட்டிருக்கும். பார்க்காமல் கை வைக்கலாகாது. பிறகு ஆசனங்கள், அடுத்து டாஷ்போர்டுக்குக் கீழுள்ள சாமான் தட்டு, அப்புறம் தாங்கி, கடைசியில் மூடி. 1970-க்கு முந்திய ஸ்பிட்பயரில் வேகமானி முதலிய கருவிகள் நடுவில் இருப்பதால், அவற்றின் கம்பிகள் நம் தலைக்கு மேல் விழுதுகள் போல் தொங்கும். அவற்றின் நிறங்களே ஒரு பாஷை. பழுப்பு, பாட்டரியிலிருந்து நேரே வருவது. பியூஸின் காவல் அதற்குக் கிடையாது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, அதே உயிரைப் பியூஸ் வழியாகப் பெறுவது. கறுப்பு, வண்டியின் உடலோடு சேர்வது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்டி, கைப்பேசியில் படமும் எடுத்துக் கொண்டால் பின்னால் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. திருகாணிகளை இடத்துக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து வைப்பதும் அவசியம். குட்டையானது இருந்த இடத்தில் நெட்டையானதைப் புகுத்தினால், அது பின்னாலுள்ள கம்பியைக் குத்திவிடும். அதுவும் பழுப்புக் கம்பியாக இருந்துவிட்டால், நெருப்பு தானாக வரும்.

இனி, பழைய துணியை உரித்தெடுத்துத் தகட்டைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் அங்கே புதுத் தகடு வைத்துப் பற்ற வைக்கும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஆசனம் பூட்டும் இடத்தில் அப்படி இறங்கினால், கம்பளத்தைப் பற்றிய பேச்சையே ஒத்தி வைத்துவிட வேண்டும். தகடு கெட்டியாக இருந்தால் துருவைச் சுரண்டி, பிரைமர் பூசி, நன்றாகக் காயவிடலாம்.

காய வைக்கும் விஷயத்தில் போடிக்காரர்களுக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை. செடியிலிருந்து பறித்த பச்சை ஏலக்காயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். அதைத் தோட்டத்து ஸ்டோரில் சூடேற்றி, ஈரம் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு அளவுக்கு இறங்கும் வரையில் உலர்த்துகிறார்கள். பொறுமையில்லாமல் மூட்டை கட்டினால் பூசணம் பூத்துவிடும். ஏலத்தில் விலை கேட்க ஆள் இராது. ஈரத் தகட்டின் மேல் கம்பளம் விரிப்பவர் கட்டுவதும் அப்படிப்பட்ட மூட்டைதான். அடியில் போடுவதற்கும் நீர் குடிக்கும் கம்பளித் துணியை விட, நீர் ஏறாத ரப்பர் நுரைத் தகடே மலைக்கு ஏற்றது.

கம்பளத்தைக் கடைசியில் விரிக்கும்போது, மிதிகளின் அருகில்தான் கண் முழுவதும் இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மிதியையும் அடி வரையில் அழுத்திப் பார்க்க வேண்டும். கம்பளத்தின் ஓரம் பிரேக் மிதிக்குப் பின்னால் சுருண்டிருந்தால் மிதி முழுதும் இறங்காது; ஆக்ஸிலேட்டர் மிதியின் மேல் ஏறிக்கொண்டால் மிதி முழுதும் எழும்பாது. சமவெளியில் இது வெறும் சங்கடம். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவுக்குள் தீர்ந்துவிடக்கூடிய ஆயுள் விவகாரம். புதுக் கம்பளம் அழுக்காகிவிடும் என்று அதன் மேல் வீட்டுத் தேங்காய்நார் விரிப்பையோ ஜமக்காளத் துண்டையோ அன்போடு போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த அன்பைப் பின் ஆசனத்துக்கு வைத்துக் கொள்ளலாம். ஓட்டுகிறவர் காலடியில் வேண்டாம்.

கம்பளம் விரிப்பது ஒரு பிற்பகல் வேலை. அதற்காகப் பிரித்துப் பார்ப்பதுதான் பல நாள் வேலை. முன்னதற்குக் கூலி கொடுக்கச் சம்மதிக்கிற நாம், பின்னதற்குக் கணக்குப் பார்க்கிறோம். மலைச் சாலையில் நம்மைக் காப்பாற்றப் போவதோ பின்னதுதான்.