விடுதலைத் திருநாளும் மனையறமும்

திருநாள் என்பது யாது? மக்கள் தத்தம் தொழிலை நிறுத்தி, ஒருங்கு கூடி, உண்டு மகிழும் நாள் என்று யாவரும் விடை கூறுவர். 'மக்கள்' என்னும் அச்சொல்லினுள் வீட்டில் அடுப்பு மூட்டும் தாயும் அடங்குவளோ என்று வினவுவார் மிகச் சிலரே. பிறர் தொழில் ஓயும் நாளே அவள் தொழில் பெருகும் நாளாக இருத்தலை ஆண்டுதோறும் காண்கின்றோம். ஏனைத் திருநாட்களில் இதனைப் பொருட்படுத்தாது விடினும், ஒரு நாட்டின் விடுதலையைக் கொண்டாடும் நாளிலேனும் இம்முரண்பாடு நம் உள்ளத்தை உறுத்துதல் வேண்டும். இதுவே யாம் ஈண்டுக் கூறக் கருதிய பொருள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலைத் திருநாளையும், அந்நாளைக் கிறிஸ்தவ இல்லங்கள் போற்றும் முறையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அயல்நாட்டார் திருநாள் நமக்கு எற்றுக்கு என்று நண்பர் சிலர் வினவலாம். அந்நாட்டுக் கிறிஸ்தவர் 1834ஆம் ஆண்டிலே மதுரையில் சமயப் பணியும் கல்விப் பணியும் தொடங்கினர். 1881இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரியும், மகளிர்க்கென 1948இல் அமைந்த லேடி டோக் கல்லூரியும் அப்பணியின் வழி வந்தவையே. கல்வியை அவர்பாற் பெற்ற தமிழ்க் கிறிஸ்தவர், அவர்தம் வாழ்விற் கொள்வன கொள்ளுதலும் தள்ளுவன தள்ளுதலும் முறையேயாம். அன்றியும், 2026ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் அவ்விடுதலைக்கு 250 ஆண்டு நிறையும் நாள். அத்துணை நீண்ட காலம் கொண்டாடப்பட்ட ஒரு நாளினிடத்துக் கற்கத்தக்கது சிறிதேனும் இல்லாமற் போகாது.

முதற்கண் வரலாற்றைக் காண்போம். பிலடெல்பியா நகரிற் கூடிய காங்கிரஸ் அவை, ஆங்கில அரசினின்றும் பிரிவதென 1776 ஜூலை 2ஆம் நாள் முடிவு செய்தது. அம்முடிவை உலகிற்கு உரைக்கும் விடுதலைச் சாற்றுரையை 4ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. அவ்வவையின் உறுப்பினருள் ஒருவர் ஜான் ஆடம்ஸ். அவர் 3ஆம் நாள் தம் மனைவியார் அபிகேல் அம்மையார்க்கு ஒரு கடிதம் எழுதினார். ஜூலை 2ஆம் நாளைப் பின்வரும் தலைமுறையினர் பெருவிழாவாகப் போற்றுவர் என்றும், கடவுள் வழிபாட்டோடு ஊர்வலம், விளையாட்டு, மணியோசை, வெடியோசை, தீப ஒளி முதலியவற்றால் அந்நாள் சிறக்கும் என்றும் அதனுட் குறித்தார். நாள் மட்டும் இரண்டு தள்ளிப்போயிற்று. ஏனைய யாவும் அவர் எழுதியவாறே நடந்துவருகின்றன. ஆனால் அப்பட்டியலிலே ஒன்று இல்லை. விழாக் கண்டு வீடு திரும்பும் அத்துணைப் பேர்க்கும் உணவு சமைப்பவர் யாவர் என்பதே அது.

அக்கடிதம் சென்று சேர்ந்த இல்லத்தின் நிலை யாது? மாஸச்சூஸெட்ஸ் பகுதியில் பிரெயின்ட்ரீ என்னும் ஊரிலே அம்மையார் நான்கு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, வயலையும் தொழுவத்தையும் வரவையும் செலவையும் தாமே பார்த்துவந்தார். பெரியம்மை பரவிய காலம் அது. அந்த ஜூலைத் திங்களிலேயே குழந்தைகளைப் பாஸ்டன் நகருக்கு அழைத்துச் சென்று, அந்நாளில் உயிர்க்கு இடர் விளைக்கவல்ல அம்மை குத்துதலைச் செய்வித்தார், தாமும் செய்துகொண்டார். 18ஆம் நாள் அந்நகரிலே சாற்றுரை மாடத்தின்மேல் நின்று படிக்கப்பட்டபொழுது, தெருவில் திரண்ட மக்களோடு நின்று கேட்டவருள் அவரும் ஒருவர். அவையிலிருந்து விடுதலைக்கு உழைத்தவர் கணவர். அவர் அவையில் இருத்தற்கு இயலுமாறு வீட்டைத் தாங்கியவர் மனைவி. இவ்விரண்டனுள் எது பெரிது என்று அளந்து கூற வல்லார் யார்?

அம்மையார் வாளா இருந்தாரும் அல்லர். அவ்வாண்டு மார்ச்சு 31ஆம் நாள் கணவர்க்கு எழுதிய கடிதத்திலே, புதிய சட்டங்களை இயற்றுங்கால் பெண்டிரையும் நினைவிற் கொள்ளுமாறும், கணவர் கையில் வரம்பற்ற ஆற்றலைக் கொடாதிருக்குமாறும் வேண்டினார். கணவர் தம் விடையில் அதனை நகைத்து ஒதுக்கினார். பெண்ணாயினமை பற்றி வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்னும் திருத்தம் அந்நாட்டு அரசியலமைப்பில் ஏறியது 1920இல். அந்நகைப்பிற்கும் அத்திருத்தத்திற்கும் இடையே 144 ஆண்டுகள் கழிந்தன.

சாற்றுரையை வரைந்த தாமஸ் ஜெபர்ஸன் இல்லத்து அடுக்களையோ இதனினும் கொடியது. மக்கள் யாவரும் நிகர் என்று எழுதிய அப்பெரியார்க்கு உணவு சமைத்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்னும் அடிமை. பாரிஸ் நகரிலே பிரெஞ்சுச் சமையற்கலையைக் கற்றுத் தேர்ந்த அவர், அக்கலையைத் தம் தம்பிக்குப் பயிற்றிய பின்னரே 1796இல் விடுவிக்கப்பட்டார். தம்பி அடிமையாகவே அடுப்பின்முன் நின்றார். கூடத்தில் எழுதப்பட்ட விடுதலை அடுக்களையை எட்டுதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. அதுவும் ஒருவர்க்கே எட்டியது. அடிமைத்தளையினின்றும் தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ் என்னும் பேரறிஞர், 1852 ஜூலை 5ஆம் நாள் ராச்செஸ்டர் நகரிலே நிகழ்த்திய சொற்பொழிவில், இத்திருநாளால் அடிமைக்கு யாது பயன் என்று நாடு முழுவதும் நாணுமாறு வினவினார். அவரைப் பேச அழைத்தவர் அடிமை ஒழிப்பிற்கு உழைத்த மாதர் சங்கத்தார் என்பதும் நினைக்கத்தக்கது.

இனி, அந்நாட்டுக் கிறிஸ்தவர் மனையறத்தை எவ்வாறு மதித்தனர் என்பதைக் காண்போம். போதகர் ஒருவரின் மகளாராகிய காதரீன் பீச்சர் அம்மையார் 1841இல் இல்லற நூல் ஒன்று எழுதினார். பின்னர் 1869இல் தம் தங்கையார் ஹாரியெட் பீச்சர் ஸ்டோ அம்மையாரோடு சேர்ந்து 'அமெரிக்கப் பெண்ணின் இல்லம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். சிக்கனமும் உடல்நலமும் அழகும் உடைய கிறிஸ்தவ இல்லங்களை அமைத்தற்கு வழிகாட்டுவது அந்நூல். காற்றும் வெளிச்சமும் வரும் வழி, உணவின் நலம், குழந்தை வளர்ப்பு முதலிய யாவும் அதனுட் பேசப்படுகின்றன. நீராவிக் கப்பலின் சமையலறையிலே எல்லாப் பொருளும் கையெட்டும் தொலைவில் இருத்தல்போல, வீட்டு அடுக்களையும் அமைதல் வேண்டும் என்கின்றனர் அவ்வம்மையார். பெண்ணின் அடிகளையும் எண்ணி, அவள் களைப்பைக் குறைக்கக் கருதிய அவ்வருள் உள்ளம் போற்றத்தக்கது. எனினும், அவ்வேலையில் ஆடவர்க்கும் பங்குண்டு என்பதனை அக்காலத்தார் போதிய அளவு வற்புறுத்தினாரல்லர். அடுக்களை சீர்பட்டது; ஆனால் அதனுள் நிற்பவர் மாறவில்லை.

இற்றை நாளில் அத்திருநாள் நடக்கும் முறையைப் பாருங்கள். நடுக்கோடைக் காலம், பள்ளிகள் மூடியிருக்கும். காலையில் வாயிலில் கொடி பறக்கும். ஊர்தோறும் இசைக்குழுவும் ஊர்வலமும் செல்லும். அதனை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமையில் சபைகள் பலவற்றில் நாட்டிற்காக ஜெபம் ஏறெடுக்கப்படும். பகலில் சுற்றத்தார் தோட்டத்திற் கூடுவர். கரியடுப்பிலே இறைச்சி வாட்டப்படும். சோளக்கதிரும், தர்ப்பூசணியும், ஆப்பிள் பணியாரமும் பரிமாறப்படும். வடகிழக்குப் பகுதியிலோ சால்மன் மீனும் பச்சைப் பட்டாணியும் அந்நாட்குரிய பழைய உணவு. இரவில் வானவேடிக்கை. அன்பும் நன்றியும் நிறைந்த இவ்விழாவை யாம் குறை கூறோம்.

ஆயினும் ஒன்று காண்க. கரியடுப்பின்முன் நிற்பவர் பெரும்பாலும் தந்தையார். அவர் கையில் நீண்ட இடுக்கி. அவரைச் சூழ்ந்து நிற்போர் புகழ்மொழி. ஆனால் முதல்நாளே உருளைக்கிழங்கை அவித்துத் தோலுரித்து நறுக்கிக் குளிரவைத்தவர் யார்? இறைச்சிக்கு மசாலைப் பூசி வைத்தவர் யார்? விருந்து முடிந்தபின் எண்ணெய்ப் பிசுக்கேறிய தட்டங்களைத் துலக்குபவர் யார்? வானத்தில் ஒளிமலர் விரியும்பொழுது வீட்டினுள்ளே விளக்கெரியும் ஓர் அறை உண்டு, அது அடுக்களை. 1870ஆம் ஆண்டிலே காங்கிரஸ் அவை இந்நாளை விடுமுறை நாளாக்கிச் சட்டம் செய்தது. அச்சட்டம் அலுவலகத்தின் கதவை அடைத்தது. அடுக்களையின் கதவை அடைத்திலது.

இதற்கு இருவகை மறுப்புக் கூறுவர். 'தாய் அன்பினாற் செய்கின்றாள். அன்பு கணக்குப் பார்க்குமோ?' என்பது ஒன்று. அன்பு கணக்குப் பாராது என்பது மெய்யே; ஆனால் ஒருவர் அன்பைக் காரணமாகக் காட்டி ஏனையோர் சோம்பியிருத்தல் அன்பாகாது. தாய் கணக்குப் பாராமை அவள் பெருமை; மக்கள் கணக்குப் பாராமை அவர்தம் சிறுமை. மற்றொரு மறுப்பு இதற்கு நேர்மாறானது. 'மனைவேலை இழிந்தது, கற்ற பெண் அதனைத் தொடலாகாது, கடையில் வாங்கி உண்போம்' என்பது. இதனையும் யாம் ஒப்போம். வீட்டைத் தூய்மை செய்தலும், பசித்தவர்க்கு உணவிடுதலும், பிணியாளரைப் பேணுதலும் இழிதொழில் ஆகா. அவை உயர்ந்த தொழில்களாதலினாலேயே ஒருவரிடமே விடப்படலாகாதவை. இழிந்ததாயின் எவரும் செய்ய வேண்டா. உயர்ந்ததாயின் எல்லாரும் செய்தல் வேண்டும்.

வேதம் இதற்கு நல்ல சான்று பகர்கின்றது. ஓய்வுநாள் கட்டளையிலே மகனும் மகளும் வேலைக்காரனும் வேலைக்காரியும் கால்நடையும் அந்நியனும் ஓய்வு பெறுதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டுளது. எகிப்திலே அடிமைப்பட்டிருந்து விடுதலை பெற்றோர்க்கு அளிக்கப்பட்ட கட்டளை அது. விடுதலை பெற்றோர் பிறரை ஓயவிடுதலே விடுதலையின் அடையாளம். வனாந்தரத்தில் மன்னாவை ஆறாம் நாளிலேயே இரு மடங்கு சேர்த்துச் சமைத்து வைத்தனர் என்பதும் கருதத்தக்கது. ஓய்வு தானே வருவதன்று, முன்னேற்பாட்டினால் வருவது. பெத்தானியாவில் மார்த்தாள் பற்பல வேலைகளால் மனங்கலங்கிய கதையைக் கேட்டு, மரியாளைப் புகழ்ந்து, மார்த்தாளைக் குறைகூறி விடுகின்றோம். அவ்வீட்டில் இருந்த ஏனையோருள் எவரேனும் எழுந்து ஒரு பாத்திரத்தை எடுத்திருப்பின் மார்த்தாளும் வந்து அமர்ந்திருப்பாள் அன்றோ? எல்லாவற்றிற்கும் மேலாக, உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆக்கி வைத்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடரை உண்ண அழைத்தார். சாவை வென்றவர் அடுப்பின்முன் நிற்றலை இழிவாகக் கருதினாரில்லை. அவர் அடியார் என்போர்க்கு அது எங்ஙனம் இழிவாகும்?

இனி நம் நாட்டை நோக்குவோம். நம் விடுதலைத் திருநாளாகிய ஆகஸ்டு 15, கத்தோலிக்கச் சகோதரர்க்கு மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளுமாம். நாசரேத்தூரில் எளிய இல்லறம் நடத்திய ஒரு தாயின் நாளும், நாட்டின் விடுதலை நாளும் ஒன்றாய் அமைந்த இப்பொருத்தம் பெரிதும் சிந்திக்கத்தக்கது. 2019ஆம் ஆண்டில் இந்திய அரசினர் மக்களின் காலப் பயன்பாட்டை ஆராய்ந்தனர். ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்டிர் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஈடுபடும் ஆடவர் 97 நிமிடமும் செலவிடுகின்றனர் என்று அவ்வாய்வு காட்டிற்று. அவ்வேலையில் ஈடுபடும் ஆடவரே நூற்றுவர்க்கு ஏறக்குறைய இருபத்தறுவர்தாம். அமெரிக்கரின் கரியடுப்பைக் கண்டு புன்முறுவல் செய்த நாம் இக்கணக்கைக் கண்டு தலைகுனிதல் வேண்டும்.

ஆதலின் நம் கிறிஸ்தவ இல்லங்கள் இந்நாளைப் போற்றும் முறை பற்றிச் சில கூற விரும்புகின்றோம். கொடி வணக்கம் முடிந்து வீடு திரும்பியதும் குடும்ப ஜெபம் நடைபெறுக. நாட்டிற்கு உழைத்தோரை நினைந்து நன்றி கூறும் அந்த ஜெபத்திலே, வீட்டிற்கு உழைப்பவர் பெயரும் சொல்லப்படுக. விருந்து எளியதாகுக, ஐந்து கறிக்கு இரண்டு போதும். புளிச்சோறும் துவையலும் முதல்நாளே ஆக்கத்தக்கன. தேங்காய் துருவுதலும், காய் அரிதலும், பாத்திரம் துலக்குதலும் தந்தைக்கும் மைந்தர்க்கும் உரியவாகுக. வீட்டு வேலைக்கு வரும் அம்மையார்க்கு அன்று கூலியோடு விடுமுறை அளிக்கப்படுக. அவர்க்கும் இந்நாடு விடுதலை பெற்றதன்றோ? பிற்பகலில் தாயும் பாட்டியும் நடுவில் அமர, ஏனையோர் சூழ்ந்திருந்து அவர்தம் இளமைக் காலக் கதைகளைக் கேட்க.

மாணவ நண்பர்காள்! வீட்டில் மட்டுமன்று, நம் விடுதியிலும் இக்கடமை உண்டு. விடுமுறை நாளில் சிறப்புணவு வேண்டும் என்று கேட்கின்றோம். அன்று விடியுமுன் எழுந்து வியர்வை சொரிய நிற்கும் சமையற்காரர் திருநாள் எது என்று கேட்டதுண்டோ? நாமே இலை போட்டு, நாமே பரிமாறி, முதற் பந்தியில் அவர்களை அமர்த்தி உண்பித்தல் அரிய செயலன்று. இதனை இவ்வாண்டே தொடங்கலாம்.

நாட்டின் விடுதலை அவைக்களத்தில் முழங்கப்படுகின்றது. ஆயினும் அது வேரூன்றும் இடம் வீடே. வீட்டிலே ஒருவர் ஓய்வை ஒருவர் மதிக்கப் பழகாத மக்கள், வெளியிலே ஒருவர் உரிமையை ஒருவர் மதித்தல் அரிது. எந்த இல்லத்தில் கொடி பறக்கும் நாளில் அடுக்களையிலும் சிரிப்பொலி கேட்கின்றதோ, அந்த இல்லத்திற்கே விடுதலை வந்துளது. அத்தகைய இல்லங்கள் நம் நாட்டிற் பெருகுக! மனையறம் வாழ்க!