ஒரே மாதிரி ஒலிக்கும் விமானப் பெயர்கள்: குழப்பத்தைத் தடுக்க காது மட்டும் போதுமா?

சென்னை விமான நிலையத்தையும் திருச்சி விமான நிலையத்தையும் மேப்பில் நேர்கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கோடு கிட்டத்தட்ட திண்டிவனம், விழுப்புரம் தலைக்கு மேலேயே போகும். கீழே இருப்பவர்கள் போர்டைப் படித்துவிட்டு பஸ் ஏறலாம். மேலே பறக்கும் விமானிக்கு உத்தரவு வருவது பெரும்பாலும் குரலில்தான்.

அந்தக் குரலும் எல்லாருக்கும் பொதுவானது. ஒரு வான்பகுதியில் பறக்கும் விமானங்கள் எல்லாம் ஒரே ரேடியோ அலைவரிசையில் இருக்கும். ஒருவர் பேசினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். யாருக்கு எந்த உத்தரவு என்பதைப் பிரித்துச் சொல்வது கால் சைன் எனப்படும் அழைப்புப் பெயர்தான். டிக்கெட்டில் ‘6இ’ என்று இருக்கும் இண்டிகோ, ரேடியோவில் ‘ஐஃப்ளை’. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ‘எக்ஸ்பிரஸ் இந்தியா’. வார்த்தையைத் திருப்பிப் போட்டதே ‘ஏர் இந்தியா’விலிருந்து காது பிரித்தறிய உதவுகிறது.

சரி, சிக்கல் எங்கே?

பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில். ஒரு கற்பனை உதாரணம்: ஐஃப்ளை 7216, ஐஃப்ளை 7261. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பறக்கின்றன. ஒன்றை உயரம் குறைக்கச் சொன்னால், இன்னொன்றின் விமானி தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதைப் பிடிக்கத்தான் ‘ரீட்பேக்’ இருக்கிறது. விமானி உத்தரவைத் திரும்பச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டாளர் சரிபார்க்க வேண்டும். ஆனால் இரண்டு விமானிகளும் ஒரே நொடியில் பதில் சொன்னால்? ஒரு குரல் இன்னொன்றை அமுக்கிவிடும். கட்டுப்பாட்டாளர் காதில் சரியான பதில் மட்டும் விழுந்தால், தவறாக இறங்கத் தொடங்கிய விமானத்தை ரேடாரில் கவனித்துத்தான் பிடிக்க வேண்டும்.

காதுக்கு உதவ சில ஏற்பாடுகள் உண்டு. ரேடியோவில் 9 என்பது ‘நைனர்’, 5 என்பது ‘ஃபைஃப்’. குழப்பம் வரும்போல இருந்தால் கட்டுப்பாட்டாளர் ஒரு விமானத்தின் கால் சைனைத் தற்காலிகமாக மாற்றவும் சர்வதேச விதி இடம் தருகிறது. எண்ணோடு எழுத்தைக் கலப்பது இன்னொரு வழி. இண்டிகோவின் பல விமானங்கள் இப்படித்தான் பறக்கின்றன, ஃப்ளைட்ரேடார்24 ஆப்பில் பார்க்கலாம். ‘பி’ என்ற எழுத்தை ‘பாப்பா’ என்று சொல்வார்கள். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க அப்படித்தான்.

ஆனால் எழுத்து மட்டும் மந்திரம் இல்லை. கிளாஸில் இரண்டு கார்த்திக் இருந்தால் இனிஷியல் சேர்ப்போம். அந்த இனிஷியல் எம், என் என்று அமைந்தால் பழைய குழப்பமேதான்!

அதனால் வேலை முடிய வேண்டிய இடம் ரேடியோ அல்ல, அட்டவணை. ஐரோப்பாவில் யூரோகன்ட்ரோல், ஒரே மாதிரி ஒலிக்கும் கால் சைன்களைக் கம்ப்யூட்டரில் தேடி, பறப்பதற்கு முன்பே மாற்ற உதவுகிறது. இந்தியாவில் கோடை, குளிர்கால அட்டவணைகளுக்கு எப்படியும் டிஜிசிஏ ஒப்புதல் வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் எண்களையும் சேர்த்து, ஒலியை வைத்துச் சலிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. கம்பெனிக்குப் பிடித்த எண் என்பதெல்லாம் அங்கே ஒரு காரணமாக இருக்கக் கூடாது.

தரையிலும் இதே கதைதான்

2025 பிப்ரவரி 15 அன்று புதுடெல்லி ரயில் நிலைய நெரிசலில் 18 பேர் இறந்தார்கள். ‘பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ்’, ‘பிரயாக்ராஜ் ஸ்பெஷல்’ என்ற பெயர்களால் வந்த அறிவிப்புக் குழப்பத்தை டெல்லி போலீஸ் காரணமாகச் சொன்னது. ஒரு பயணியின் தலைச்சுமை விழுந்ததே காரணம் என்று ரயில்வே அமைச்சர் பின்னர் நாடாளுமன்றத்தில் கூறினார். எது முதல் காரணமாக இருந்தாலும், கும்பமேளா கூட்டத்துக்கு நடுவே அப்படி இரண்டு பெயர்களை மைக்கில் சொன்னது ஆபத்துதான்.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு வாருங்கள். 12631 நெல்லை, 12661 பொதிகை. இரண்டும் சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பி மதுரை வழியாகத் தெற்கே போகும் இரவு ரயில்கள். எண்ணில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஆனாலும் யாரும் பெரிதாகக் குழம்புவதில்லை, ஏனென்றால் நெல்லையும் பொதிகையும் காதுக்கு வேறு வேறு. பொங்கல், தீபாவளிக்கு விடும் ஸ்பெஷல்களுக்குத்தான் இந்த வசதி இல்லை. பூஜ்ஜியத்தில் தொடங்கும் ஓர் எண், இரண்டு ஊர்ப் பெயர்கள், ‘சிறப்பு ரயில்’, அவ்வளவுதான். கூட்டம் அதிகம் வரும் நாட்களில் ஓடும் ரயிலுக்கு ஒரு தனிப் பெயர் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?