பியானோ: ஜிம்மி ஜோன்ஸ்

"பாடுறவங்க பேரு தெரிஞ்சா போதாதா? பின்னாடி யாரு வாசிச்சா நமக்கென்ன?" ஜாஸ் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். எல்லோரும் நல்ல வாசகர்கள். மொழிபெயர்ப்பு நாவலின் அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லையென்றால் பதிப்பாளரைக் கிழித்துத் தொங்கவிடுகிறவர்கள். பாட்டு என்று வந்ததும் அந்த ரோஷம் எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்கிறது.

போதாது. ஏன் போதாது என்று ஒரே ஒரு ஆல்பத்தை வைத்துச் சொல்கிறேன்.

1954 டிசம்பர் 16, 18. நியூயார்க். மெர்குரி நிறுவனத்தின் ஜாஸ் பிரிவான எம்ஆர்சி லேபிளுக்காக சாரா வாகன் ஒன்பது பாட்டுகள் பாடுகிறார். ட்ரம்பெட் கிளிஃபோர்ட் பிரவுன். டெனர் சாக்ஸஃபோன் பால் குவினிஷெட். புல்லாங்குழல் ஹெர்பி மான். பியானோ ஜிம்மி ஜோன்ஸ். பாஸ் ஜோ பெஞ்சமின். ட்ரம்ஸ் ராய் ஹேன்ஸ். இசைக்கோர்ப்பு எர்னி வில்கின்ஸ். பிரவுனுக்கும் மானுக்கும் அப்போது 24 வயது. ஜாஸில் புல்லாங்குழலா என்று ஆட்கள் புருவத்தை உயர்த்திக்கொண்டிருந்த காலம் அது.

நான் மாதாமாதம் காசு கட்டும் செயலியில் இந்த ஆல்பத்தைத் திறந்தால் இரண்டு பெயர்கள்தான் தெரிகின்றன. சாரா வாகன், கிளிஃபோர்ட் பிரவுன். மற்ற ஐந்து பேர் எங்கே என்று தேடினால், பாட்டை எழுதியவர் பெயர் வருகிறது, உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் பெயர் வருகிறது. வாசித்தவன் பெயர் வரவில்லை.

அந்த இரண்டாவது பெயருக்கும் ஒரு கதை உண்டு. எல்பி முதலில் வெளிவந்தபோது ஆல்பத்தின் பெயர் வெறும் 'சாரா வாகன்'. பிரவுன் 1956 ஜூன் 26 அன்று கார் விபத்தில் இறந்தார். வயது 25. கூடவே அவருடைய குழுவின் பியானோக்காரர் ரிச்சி பவலும், காரை ஓட்டிய அவர் மனைவி நான்சியும் போய்விட்டார்கள். சாவுக்குப் பிறகு பிரவுன் காவிய நாயகன் ஆனார். பிறகு வந்த மறுபதிப்புகளில் ஆல்பத்தின் பெயர் 'சாரா வாகன் வித் கிளிஃபோர்ட் பிரவுன்' என்று மாறியது. கலைஞனுக்கு மரியாதை என்று இதைச் சொல்லலாம். எனக்கென்னவோ கடையில் எது விற்கும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலையாகத்தான் படுகிறது. அட்டையில் ஒரு பெயர் மட்டும் இருந்தவரை அது பாடகியின் தட்டு, சரி. இரண்டாவது பெயர் ஏறிய அன்றைக்கு, மீதிப்பேர் சொல்லத் தேவையில்லாதவர்கள் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இங்கே இன்னொரு கோஷ்டியோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஜாஸ் 'தெரிந்தவர்கள்'. இவர்கள் இந்த ஆல்பத்தைப் பிரவுனுடைய சோலோக்களுக்காக மட்டும் கேட்பார்கள். பாடகியை நுழைவுக்கட்டணம் மாதிரி சகித்துக்கொண்டு, ட்ரம்பெட் வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். முதல் கோஷ்டி வாத்தியக்காரனை மறந்தது, இரண்டாவது கோஷ்டி பாடகியையே மறந்தது. இரண்டு பேரும் சேர்ந்து மறந்த ஆள் ஜிம்மி ஜோன்ஸ்.

இந்தப் பதிவு முடிந்த ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 22, 24 தேதிகளில், அதே லேபிளுக்கு ஹெலன் மெரில் என்ற பாடகி தன் ஆல்பத்தைப் பதிவுசெய்தார். இசைக்கோர்ப்பு குயின்ஸி ஜோன்ஸ், அப்போது 21 வயதுப் பையன். ட்ரம்பெட் அதே பிரவுன். அந்த ஆல்பமும் பிற்பாடு பிரவுன் பெயரைச் சேர்த்துக்கொண்டு விற்கப்பட்டது. சரி, அதில் பியானோ யார்? ஜிம்மி ஜோன்ஸ். குரல் வேறு, பாஸ் வேறு, ட்ரம்ஸ் வேறு. பத்து நாளுக்குள் நடந்த இரண்டு பதிவுகளிலும் இருந்தவர்கள் பிரவுனும் ஜோன்ஸும். ஒருவர் பெயர் இரண்டு தலைப்பிலும் ஏறியது. மற்றவர் பெயரைக் கூகுளில் தட்டினால் நாலைந்து வேறு ஜிம்மி ஜோன்ஸ்கள் வருகிறார்கள்.

அவர் அப்படி என்ன செய்துவிட்டார்? முதல் ஆல்பத்தில் 'எம்ப்ரேஸபிள் யூ' கேளுங்கள். ட்ரம்பெட், சாக்ஸஃபோன், புல்லாங்குழல் மூன்றும் ஒதுங்கிவிடுகின்றன. குரலும் பியானோ, பாஸ், ட்ரம்ஸும் மட்டும். வேகம் அநியாயத்துக்குக் குறைவு. அவ்வளவு மெதுவாகப் போகும் பாட்டில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் பெரிய பள்ளம் விழும். கை சும்மா இருக்காத பியானோக்காரன் என்றால் அந்தப் பள்ளத்தையெல்லாம் ரொப்பிவிடுவான். ஜோன்ஸ் ரொப்பமாட்டார். மெத்தென்று ஒரு கார்டை வைத்துவிட்டுக் காத்திருப்பார். வாகன் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, கீழே சரித்து, எழுதிய மெட்டை விட்டு விலகி, திரும்பி வருவார். எங்கே வந்து இறங்கப்போகிறார் என்று ஜோன்ஸுக்குத் தெரியும். இறங்கும் இடத்தில் கார்டு தயாராக இருக்கும். ராய் ஹேன்ஸ் பிரஷ்ஷால் தோலைத் தடவிக்கொண்டிருப்பார். அதையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் கேட்கும்.

இந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததில்லை. ஜோன்ஸ் 1940களின் இறுதியிலிருந்தே வாகனோடு வாசித்தவர், நடுவில் விலகி 1954இல் திரும்பியவர். பெஞ்சமினும் ஹேன்ஸும் வாகனோடு ஊர் ஊராகப் போன குழுவின் ஆட்கள். வாகனே பியானோ வாசிப்பார். 1943இல் ஏர்ல் ஹைன்ஸ் தன் இசைக்குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டது பாடகியாகவும் இரண்டாவது பியானோக்காரராகவும். அதனால் கார்டை உள்ளே இருந்து கேட்கிறவர். கீழே யாரோ தாங்கிப் பிடித்திருப்பதால்தான் மேலே அவ்வளவு தூரம் சாய முடிகிறது. 'அவங்க வாய்ஸ் இருக்கே!' என்று நாம் உருகுகிற பல இடங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கட்டியவை. 'பக்கவாத்தியம்' என்ற சொல்லை வைத்து இதைக் கடந்துபோக முடியாது. கச்சேரி அழைப்பிதழில்கூட வயலின் யார், மிருதங்கம் யார் என்று போடுவார்கள், அது வேறு விஷயம்.

இனி என் தொழில் பாஷையில் கொஞ்சம். 'இத்தனை பேரையும் எப்படி சார் ஸ்டோர் பண்றது?' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பாட்டுக்குப் பல கலைஞர்கள், ஒரு கலைஞருக்குப் பல பாட்டுகள். இதை டேட்டாபேஸில் எப்படி வைப்பது என்பது பொறியியல் கல்லூரியில் செமஸ்டர் பரீட்சைக் கேள்வி. நடுவில் ஒரு டேபிள், அதில் 'என்ன வாசித்தார்' என்று ஒரு காலம். அவ்வளவுதான். எல்பி காலத்தில் பின்னட்டை என்று ஒன்று இருந்தது. ஜாஸ் தட்டுகளில் யார் என்ன வாசித்தார் என்று அங்கே அச்சடிப்பது வழக்கம். ஒரு அட்டையில் இடம் இருந்தது, டேட்டா சென்டரில் இடம் இல்லையா?

பெயர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் இணைய வானொலி, சாட்டிலைட் வானொலி மாதிரி சேவைகளில் ஒரு பதிவு ஒலித்தால் வரும் ராயல்டியைச் சட்டம் இப்படிப் பிரிக்கிறது: பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45, மற்ற எல்லோருக்கும் சேர்த்து 5. அந்த ஐந்தில் பாதி வாத்தியக்காரர்களுக்கு, பாதி துணைப் பாடகர்களுக்கு. 1972க்கு முந்தைய பதிவுகளுக்கு இந்த உரிமையே 2018இல் வந்த சட்டத்தால்தான் கிடைத்தது. அந்த இரண்டரை சதவீதத்தைக் கொடுப்பதற்கும் அன்றைக்கு யார் வாசித்தார் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். சாதாரண எஃப்எம் வானொலி என்றால் பாடினவருக்கும் கிடையாது, வாசித்தவருக்கும் கிடையாது, பாட்டை எழுதியவர் தரப்புக்கு மட்டும்தான்.

ராய் ஹேன்ஸ் 2024 நவம்பரில் இறந்தார். 99 வயது. சார்லி பார்க்கருக்கு வாசித்தவர், கோல்ட்ரேனுக்கு வாசித்தவர் என்று இரங்கல் குறிப்புகள் நீண்டன. நடுவில் ஐந்து வருஷம் சாரா வாகனோடு இருந்தது பலவற்றில் ஒரு வரியில் முடிந்துபோனது. பாடகிக்கு வாசிப்பது ஏதோ இடைவேளையில் செய்கிற வேலை என்கிற மாதிரி.

வாகன் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு ஆதாரம் டேப்பிலேயே இருக்கிறது. 1954 ஏப்ரலில், இந்த ஆல்பத்துக்கு எட்டு மாதம் முன்னால், 'ஷூலி எ பாப்' என்று ஒன்று பதிவுசெய்தார். அப்போது பியானோவில் ஜான் மலாக்கி. பாஸும் ட்ரம்ஸும் இதே பெஞ்சமின், ஹேன்ஸ். பாட்டுக்கு அர்த்தமுள்ள வரிகள் எதுவும் கிடையாது, முழுக்க ஸ்காட். நடுவில் சட்டென்று நிறுத்தி, மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறார். பெயர் விழுந்ததும் அந்தந்த வாத்தியம் பதில் சொல்கிறது. ஜான் மலாக்கி. ஜோ பெஞ்சமின். ராய் ஹேன்ஸ். என் செயலியில் அந்தப் பாட்டுக்குக் கீழே இன்றைக்கும் ஒரே பெயர்தான் போட்டிருக்கிறது. ஹெட்ஃபோனில் மூன்று பெயரும் தெளிவாகக் கேட்கிறது.